ஃபீனாலை எதில் பிடிப்பது? சி18, பாலிமர், கார்பன்: ஒரு சின்ன ஆய்வகத்தின் தேர்வு

எண்ணூர் முகத்துவாரத்தில் பழுப்பு பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, தண்டையார்பேட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் போதும். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். அவ்வளவு சிரமப்பட்டுக் கொண்டுவந்த தண்ணீரில் இருக்கும் ஃபீனால் என்ற நச்சுக் கரிமப் பொருளை, ஆய்வகத்து மேசைமேலேயே தொலைத்துவிட முடியும். யாரும் கவனிக்காமலே தொலைக்கலாம். நாங்கள் கொஞ்ச காலம் அப்படித்தான் தொலைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த வருடம் கார்ட்ரிட்ஜ் (தண்ணீரில் இருக்கும் பொருளைப் பிடித்துவைக்கும் துகள் அடைத்த சின்னக் குழாய்) ஆர்டர் போட வேண்டிய நேரம் வந்தபோது, எங்களோடு புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அக்கா, வழக்கம்போல சி18 ரெண்டு பெட்டி போட்டுடலாமா?" சி18 என்பது பதினெட்டு கார்பன் சங்கிலி ஒட்டிய சிலிக்கா துகள். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரத்தில் பழைய நோட்டுகளைப் புரட்டி, பேப்பரில் கணக்குப் போட்டு, சில சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தேன். தண்ணீரில் மிகக் குறைவாக இருக்கும் கரிமப் பொருளை ஹெச்பிஎல்சியில் (கரைசலில் கலந்த பொருள்களைக் குழாயில் பிரித்து அளக்கும் கருவி) அளக்க, முதலில் அதைத் திரட்டியாக வேண்டும். எதில் திரட்டுவது என்று யோசிக்கும் மற்ற சின்ன ஆய்வகங்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் உதவும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் திரட்ட வேண்டும்? குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, ஃபீனால் வகைப் பொருள்களுக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அதாவது ஒரு மைக்ரோகிராம். அந்தத் தண்ணீரை அப்படியே 20 மைக்ரோலிட்டர் ஊசியில் எடுத்துக் கருவிக்குள் செலுத்தினால், உள்ளே போகும் ஃபீனால் வெறும் 20 பிக்கோகிராம். புற ஊதா ஒளியால் அளக்கும் சாதாரண யுவி டிடெக்டருக்கு அது தெரியவே தெரியாது. அதே தண்ணீரில் 100 மில்லிலிட்டரை ஒரு சின்ன சார்பென்ட் (பொருளைத் தன்மேல் பிடித்துவைக்கும் துகள்) படுகையின் வழியாக ஓடவிட்டு, பிடிபட்டது முழுவதையும் பிரிப்புக் குழாய்க்கு அனுப்பினால் 100 நானோகிராம் கிடைக்கும். ஐயாயிரம் மடங்கு. கருவியின் வரைபடத்தில் நல்ல உச்சி வரும், நிம்மதியாக அளக்கலாம். எல்லாம் அந்தப் படுகை ஃபீனாலை விடாமல் பிடித்து வைத்திருந்தால்தான்.

அது பிடிக்குமா என்பதைக் கார்ட்ரிட்ஜ் வாங்கும் முன்பே ஓரளவு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பலர் இதைச் செய்வதில்லை என்பது என் வருத்தம். ரிவர்ஸ்டு ஃபேஸ் என்ற இந்த முறையில் நடப்பது எளிமையானது. தண்ணீரோடு ஒட்டாத மூலக்கூறு, தண்ணீரை விட்டு விலகிக் கொழுப்புத் தன்மையுள்ள பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டும் என்பதற்குக் கைகொடுக்கும் எண், கொழுப்புப் போன்ற கரைப்பானான ஆக்டனாலுக்கும் தண்ணீருக்கும் இடையே அந்தப் பொருள் பிரிந்து நிற்கும் விகிதம். சி18 பரப்பில், வெறும் தண்ணீர் ஓடும்போது ஒரு நடுநிலைப் பொருள் எத்தனை மடங்கு தாமதமாகும் என்பதும் ஏறக்குறைய இதே அளவில்தான் இருக்கும். ஃபீனாலுக்கு அந்த விகிதத்தின் மடக்கை 1.46, அதாவது சுமார் 29. 500 மில்லிகிராம் சி18 கார்ட்ரிட்ஜில் துகள்களுக்கு இடையிலும் துளைகளிலும் தண்ணீர் நிற்கும் இடம் சுமார் 0.6 மில்லிலிட்டர். 29ஐ முப்பது என்று வைத்து 0.6ஆல் பெருக்கினால் 18 மில்லிலிட்டர். ஃபீனாலின் உறவான கிரெசாலுக்குக் கணக்கு 50 மில்லிலிட்டர் பக்கம் வரும். நாஃப்தலீனின் மடக்கை 3.3. அது ஒரு லிட்டருக்கு மேல் தாங்கும்.

18 மில்லிலிட்டர் என்பது ஃபீனால் பட்டையின் நடுப்புள்ளி படுகையிலிருந்து வெளியே வந்துசேரும் அளவு. முன்வரிசை அதற்கும் முன்னாலேயே கசியத் தொடங்கிவிடும். இப்போது ஒரு லிட்டர் தண்ணீரை அதன் வழியாக ஓட்டுகிறவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஃபீனாலைத் திரட்டுவதாக நினைத்து, திரட்டியதைத் தானே கழுவிக் கழிவு ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஆய்வகத்தில் நடந்தது இதுதான். அரை லிட்டர் தண்ணீர், 500 மில்லிகிராம் சி18. ஃபீனால் பகுதியில் உச்சி இல்லை. "கண்டறியப்படவில்லை" என்று எழுதினோம். பிறகு ஒரு நாள், சந்தேகம் வந்து, அதே தண்ணீரில் தெரிந்த அளவு ஃபீனாலைப் போட்டு ஓட்டிப் பார்த்தபோது, போட்டதில் இருபதில் ஒரு பங்குகூடத் திரும்பி வரவில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "கண்டறியப்படவில்லை" என்ற வார்த்தையைப் படிக்கிறவர் தண்ணீர் சுத்தம் என்றுதான் எடுத்துக்கொள்வார். முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் ஒருமுறை எங்களிடம், "இதுல இன்னா இருக்குன்னு நீங்களாவது சொல்லுங்கம்மா" என்று கேட்டிருக்கிறார்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் பரவியபோதும் அந்தத் தண்ணீரில் நின்றவர்கள் அவர்கள். தவறான கார்ட்ரிட்ஜில் ஓட்டிவிட்டு அவர்களுக்குச் சுத்தம் என்று சொல்வது பெரிய பிழை.

இதனால் சி18 மட்டம் என்று அர்த்தமில்லை. அது 1970களின் கடைசியில் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜாக வந்து, பிரிப்புப் புனலில் டைகுளோரோமீத்தேனைக் குலுக்கிக்கொண்டிருந்த கைகளுக்கு விடுதலை கொடுத்த பொருள். விலை குறைவு, பாரிமுனை கெமிக்கல் கடைகளில் சொல்லி வைத்தால் சீக்கிரம் வந்துவிடும், தொகுதிக்குத் தொகுதி பெரிய வித்தியாசம் இருக்காது, பிடித்ததைக் கொஞ்சம் மெத்தனாலிலேயே விட்டுவிடும். குறைகளும் தெரிந்தவையே. சிலிக்கா என்பதால் பி.எச். 2க்குக் கீழேயும் 8க்கு மேலேயும் தாங்காது. மூடாமல் விட்ட சிலனால்கள் (சிலிக்கா பரப்பின் ஹைட்ராக்சில் முனைகள்) காரத் தன்மையுள்ள மருந்துப் பொருள்களைப் பிடித்துக்கொண்டு உச்சியை வால்போல இழுக்கும். அப்புறம், நடுவில் காய்ந்துவிட்டால் பரப்பு நனையாமல் போய், தண்ணீர் பட்டும் படாமல் ஓடிவிடும். பன்னிரண்டு கார்ட்ரிட்ஜ் மாட்டிய வேக்குவம் பெட்டியில் ஒன்று அடைத்துக்கொண்டு மெதுவாக ஓடும்போது, மற்றவை காய்ந்து போவதை அங்கேயே நின்று பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

அடுத்தது பாலிமர். ஸ்டைரீன், டைவினைல்பென்சீன் இரண்டும் சேர்ந்த பிசின். இது புதியதல்ல. 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற ஊரின் கிணற்று நீரில் கெட்ட வாடை வந்தபோது, எக்ஸ்ஏடி-2 என்ற இந்த வகைப் பிசினில் தண்ணீரை ஓட்டித்தான் உள்ளே இருந்த பொருள்களைக் கண்டுபிடித்தார்கள். பழைய எரிவாயு ஆலை ஒன்றின் தார்க் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியிருந்தது. கைப்பம்பு அடித்தால் எண்ணெய் வாடை வரும் தெருக்களை அறிந்த வடசென்னைக்காரர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

பாலிமரில் சிலிக்கா இல்லை, பரப்பு முழுக்க பென்சீன் வளையங்கள். ஃபீனாலும் ஒரு வளையம் என்பதால், கொழுப்புத் தன்மையோடு வளையத்துக்கு வளையம் ஈர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. சி18ஓடு ஒப்பிட்டால் பொதுவாகப் பத்து மடங்குக்கு மேல் பிடிமானம். 18 மில்லிலிட்டர் என்று இருந்தது நூறு, இருநூறு மில்லிலிட்டராக மாறுகிறது. இந்த ஒரு வித்தியாசம்தான் எங்கள் முடிவையே திருப்பியது. குடிநீரில் ஃபீனால்களுக்கான அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 528ஆம் முறையும் (அது கடைசியில் கேஸ் குரோமட்டோகிராஃபியில் முடிகிறது) திரட்டுவதற்கு இந்தக் குடும்பத்துப் பாலிமரையே கேட்கிறது. அமிலம், காரம் எதற்கும் பாலிமர் அசையாது என்பதும் முக்கியம். பென்டாகுளோரோஃபீனால் மாதிரி பொருள்களைப் பிடிக்கத் தண்ணீரை அமிலமாக்கியே தீரவேண்டும். அதன் பி.கே.ஏ. (பாதி மூலக்கூறுகள் மின்னேறி நிற்கும் பி.எச்.) 4.7 அளவு. சாதாரணத் தண்ணீரில் அது எதிர்மின் ஏறி நிற்கும், ரிவர்ஸ்டு ஃபேஸில் ஒட்டாது. ஃபீனாலுக்கு அது 10 என்பதால் அமிலம் தேவையில்லை.

சும்மா பாலிமருக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, தண்ணீர் அதை நனைக்காது, சி18 போலவே மெத்தனாலில் ஊறவைத்துத் தயார் செய்ய வேண்டும், காய விடக்கூடாது. இரண்டு, பிசின் செய்தபோது தங்கிவிட்ட சரக்குகள் கசியும். பழைய எக்ஸ்ஏடி பிசின்களில் நாஃப்தலீனே கசிந்து வந்ததுண்டு. எண்ணெய் கலந்த தண்ணீரில் நாஃப்தலீனைத் தேடுகிறவருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. நன்றாகக் கழுவி, வெறும் சுத்த நீரை ஓட்டி, அந்த வெற்று ஓட்டத்தை முதலில் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது.

முதல் குறையைத் தீர்க்க வந்தது 1996இல் வெளியான ஹெச்எல்பி வகை. டைவினைல்பென்சீனோடு வினைல்பைரோலிடோன் சேர்த்தது. பைரோலிடோன் வளையம் தண்ணீரை வரவேற்கும் என்பதால் பரப்பு எப்போதும் நனைந்தே இருக்கும், நடுவில் சற்றுக் காய்ந்தாலும் பிடிப்பு போகாது. ஃபீனாலின் ஹைட்ராக்சில் தொகுதியோடு ஹைட்ரஜன் பிணைப்பும் போட்டுக்கொள்ளும். ஒரே ஆள் தண்ணீர் பிடிக்கவும் போய், கார்ட்ரிட்ஜும் ஓட்டி, கணக்கும் எழுதுகிற எங்களைப் போன்ற இடத்தில், காய்ந்தாலும் பரவாயில்லை என்ற அந்த ஒரு குணத்துக்கே கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் அதிகம் பிடிக்கிற பொருள், வேண்டாததையும் அதிகம் பிடிக்கும். கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் வந்து சேரும் முகத்துவாரத் தண்ணீரில் மக்கிய பொருள்களிலிருந்து வரும் ஹ்யூமிக், ஃபல்விக் அமிலங்கள் ஏராளம். கருவி வரையும் வரைபடமான குரோமட்டோகிராமின் தொடக்கத்தில் அவை பெரிய மேடாக எழும்பும். சீக்கிரமே வெளிவரும் ஃபீனால் அந்த மேட்டின் சரிவில்தான் உட்காரும். தண்ணீரை அமிலமாக்கினால் மேடு இன்னும் உயரும். ஆகவே நாங்கள் ஒரு தண்ணீரை இரண்டாகப் பிரிக்கிறோம். ஃபீனால், கிரெசால்களுக்கு அமிலம் சேர்க்காமல் ஒரு ஓட்டம். குளோரோஃபீனால், நைட்ரோஃபீனால்களுக்கு அமிலம் சேர்த்து இன்னொன்று. ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால் எல்லாமே பாதியாக முடியும். குழாய்த் தண்ணீர் என்றால், அதில் இருக்கும் குளோரினை சோடியம் சல்ஃபைட் போட்டு உடனே அடக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே ஃபீனால் குளோரோஃபீனாலாக மாறிக்கொண்டிருக்கும்.

உப்பைப் பற்றி யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். கடல் ஏற்றத்தின்போது பிடித்த தண்ணீரில் உப்பு அதிகம். உப்பு கூடினால் நடுநிலை மூலக்கூறுகளைத் தண்ணீர் வெளியே தள்ளும், சார்பென்டில் பிடிப்பு கூடும். இறக்கத்தின்போது பிடித்த தண்ணீரில், அதைவிடவும் மீஞ்சூர்ப் பக்கத்து நல்ல தண்ணீர்ப் போர்வெல்லில், அந்த உதவி கிடைக்காது. கடல் தண்ணீரில் சோதித்துவிட்டு 200 மில்லிலிட்டர் தாங்குகிறது என்று நம்பி, போர்வெல் தண்ணீரை அதே அளவு ஓட்டினால் ஃபீனால் கசிந்துவிடும். சோதனையை எப்போதும் உப்பு குறைந்த தண்ணீரில் செய்யுங்கள்.

கார்பன் வகைக்கு வருவோம். கிராஃபைட்டாக்கிய கார்பன் கருப்பு, துளையுள்ள கிராஃபைட் கார்பன் என்று இரண்டு. இரண்டாவதை ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வேதியியலாளர் நாக்ஸின் குழு உருவாக்கிய விதம் அழகானது. சிலிக்கா துகளின் துளைகளில் ஃபீனால் ஃபார்மால்டிஹைட் பிசினை நிரப்பி, கரியாக்கி, சிலிக்காவைக் காரத்தில் கரைத்து எடுத்துவிட்டு, மிச்சத்தை 2000 டிகிரிக்கு மேல் சுட்டார்கள். தட்டையான கிராஃபைட் அடுக்கு என்பதால், மற்ற எல்லாம் கைவிட்ட மிகவும் நீர்விரும்பிப் பொருள்களைக்கூட இது பிடிக்கும். களைக்கொல்லிகள் சிதைந்து வரும் சிறு துண்டுகள், எதிர்மின் ஏறிய சல்ஃபோனேட்கள் போன்றவை தேவைப்பட்டால் கார்பன்தான் வழி.

எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. தட்டையான பலவளைய ஹைட்ரோகார்பன்கள் அதில் மாட்டிக்கொண்டால் எளிதில் இறங்காது, எண்ணெய் கலந்த தண்ணீரில் அவைதானே நிறைந்திருக்கின்றன. கார்பன் கருப்பிலிருந்து பிடித்ததை வெளியே எடுக்கப் பெரும்பாலும் டைகுளோரோமீத்தேனும் மெத்தனாலும் கலந்து, ஓட்டத்தைத் திருப்பி அடிக்க வேண்டும். டைகுளோரோமீத்தேனை அப்படியே ரிவர்ஸ்டு ஃபேஸ் குழாயில் ஏற்ற முடியாது. ஆவியாக்க வேண்டும். ஆவியாக்கினால் ஃபீனாலும் கூடவே பறக்கும். பிடித்ததைப் பத்திரமாக இறக்க முடியவில்லை என்றால் அவ்வளவு இறுகப் பிடித்து என்ன பயன்?

அயனிப் பரிமாற்றம் சேர்த்த கலப்பு வகைகள் மின்னேற்றமுள்ள பொருள்களுக்கு. ஃபுளோரின் ஏறிய பிஃபாஸ் அமிலங்களைத் தேடுகிறவர்கள் வலுக்குறைந்த எதிரயனிப் பரிமாற்ற வகையை வாங்கலாம், 2019இல் வந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 533ஆம் முறையும் அதையே சொல்கிறது. ஒரே மூலக்கூறுக்கென்று அச்சு எடுத்துச் செய்யும் பாலிமர்களில் அச்சாக வைத்த பொருளே மெல்லக் கசியும் தொல்லை உண்டு. பட்டியல் நீளமாக இருக்கும் ஆய்வகத்துக்கு அவை பயன்படாது.

வால்வு வைத்து சார்பென்டை ஹெச்பிஎல்சியோடு நேரடியாக இணைக்கும் வசதி உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே சார்பென்ட் 10 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சின்ன முன்குழாயில் இருக்கும். மொத்தக் கொள்ளளவு 31 மைக்ரோலிட்டர்தான். சி18 நிரப்பினால் ஃபீனாலுக்கு ஒரு மில்லிலிட்டரைக்கூடத் தாங்காது. பாலிமர் தாங்கும், ஆனால் வேறொரு சிக்கல் வரும். பாலிமரிலிருந்து ஃபீனாலைக் கிளப்பத் தேவைப்படும் அசிட்டோநைட்ரைல் அளவு, பின்னால் இருக்கும் சி18 பிரிப்புக் குழாய்க்கு மிக அதிகம். ஃபீனால் அங்கே குழாயின் தலையில் ஒடுங்கி நிற்காமல் பரவிக்கொண்டே ஓடும், உச்சி தடித்துப் போகும். முன்குழாய், பின்னால் இருக்கும் குழாயைவிட இறுக்கமாகப் பிடித்தால் இது தவிர்க்க முடியாதது. ஓட்டத்தைத் திருப்பி இறக்குவது கொஞ்சம் உதவும். அதைவிட நல்லது, முன்குழாய் வழியாகக் குறைந்த ஓட்டத்தில் கரைப்பானை அனுப்பி, பிரிப்புக் குழாயின் வாசலில் தண்ணீரைக் கலந்து நீர்க்கச் செய்வது. இதற்கு இன்னொரு பம்ப் வேண்டும். எங்களிடம் இல்லை. அதனால் கார்ட்ரிட்ஜில் ஓட்டி, கையால் இறக்குகிறோம். 100 மில்லிலிட்டர் 2 மில்லிலிட்டராகச் சுருங்குகிறது, ஐம்பது மடங்குதான். ஐயாயிரம் எங்கே, ஐம்பது எங்கே! தரத்தின் எல்லையை யுவியில் தொடுவது சிரமம்தான். எலக்ட்ரோகெமிக்கல் டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஃபீனாலில் அந்தக் கவலை குறைவு.

பலவளைய ஹைட்ரோகார்பன்களின் கதை நேர் எதிர். அவற்றில் ஒன்றான பென்சோ பைரீனின் மடக்கை 6 பக்கம். சி18இல் கசியுமோ என்ற பயமே வேண்டாம். அது சார்பென்ட் வரை வந்து சேர்வதே பெரிய பாடு. பாட்டில் சுவரில், டியூபில், மிதக்கும் சேற்றுத் துகளில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத் தண்ணீரில் பத்துப் பதினைந்து சதவீதம் ஐசோபுரோபனால் கலக்கிறோம், பாட்டிலையும் கழுவிச் சேர்க்கிறோம். அதே ஐசோபுரோபனால் ஃபீனாலின் பிடிப்பைக் கெடுத்துவிடும். ஆகவே இரண்டுக்கும் பாட்டிலும் வேறு, கார்ட்ரிட்ஜும் வேறு. இங்கே சி18 தான் சரி. சுலபமாக விட்டுவிடும், விலையும் குறைவு, ஃபுளோரசன்ஸ் டிடெக்டரில் தரத்தின் எல்லையான லிட்டருக்கு 0.0001 மில்லிகிராமை எட்டலாம்.

தம்பிக்கு நான் கொடுத்த ஆர்டர்: ஹெச்எல்பி வகை 200 மில்லிகிராம் இரண்டு பெட்டி, சி18 500 மில்லிகிராம் ஒரு பெட்டி, கார்பன் வேண்டாம். தேடும் பட்டியலில் தண்ணீரோடு அதிகம் ஒட்டும் பொருள் எதுவோ, அதை வைத்துத்தான் சார்பென்ட் முடிவாக வேண்டும். எங்கள் பட்டியலில் அது ஃபீனால். உங்கள் பட்டியலில் நாஃப்தலீனுக்குக் கீழே எதுவும் இல்லையென்றால் சி18ஐ விட்டு நகரவே வேண்டாம்.

பெட்டி வந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். 10, 25, 50, 100, 200 மில்லிலிட்டர் என்று ஐந்து அளவுத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரே மொத்த அளவு ஃபீனால், ஐந்து மைக்ரோகிராம் என்று வையுங்கள். ஓட்டி, இறக்கி, உச்சியின் பரப்பைப் பாருங்கள். பரப்பு மாறாமல் இருக்கும்வரை கசிவில்லை. எந்த அளவில் குறையத் தொடங்குகிறதோ, அதற்குப் பாதிக்கு மேல் மாதிரித் தண்ணீரை ஓட்டாதீர்கள். நாங்கள் இதோடு, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரிக்கு மட்டும் தெரிந்த அளவு ஃபீனாலைச் சேர்த்து, இரண்டு கார்ட்ரிட்ஜ்களை ஒன்றின்கீழ் ஒன்றாக மாட்டி ஓட்டுகிறோம். கீழே இருப்பதில், சேர்த்ததில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஃபீனால் தெரிந்தால், அன்றைய தொகுதி முழுவதையும் பாதி அளவு தண்ணீரில் மறுபடி ஓட்டுகிறோம். அதற்காக ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாட்டில் கூடுதலாகப் பிடித்து வருகிறோம்.